வைக்கோலிலிருந்து எரிசாராயம்: பணம் எங்கே செல்லவேண்டும்?

காவிரி டெல்டாவில் கதிர் அரிவாள் கொண்டு நெல் அறுப்போர் இன்று அருகிவிட்டனர். அறுவடை இயந்திரம் வயலில் இறங்கினால் ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் ஓர் ஏக்கர் முடிந்துவிடுகிறது. நெல் தொட்டியில் சேர்கிறது. வைக்கோலோ நைந்து, வயல் முழுவதும் சிதறிக் கிடக்கிறது. மாடு வைத்திருப்போர் வைக்கோல் கட்டும் இயந்திரத்தை வாடகைக்கு அழைத்து உருளைகளாகச் சேர்த்துக்கொள்கின்றனர். மிகுதியை வியாபாரிகள் வாங்கிக் கேரளத்துக்கு லாரி ஏற்றுகின்றனர். மழையில் நனைந்தது வயலிலேயே மட்குகிறது. சில இடங்களில் தீயும் வைக்கப்படுகிறது. முன்பு வீட்டுக்கு வீடு எழுந்து நின்ற வைக்கோல் போரை இப்போது தேடித்தான் பார்க்கவேண்டும்.

இந்த வைக்கோலிலிருந்து மோட்டார் வண்டிக்கான எரிசாராயம் எடுக்கலாம் என்ற செய்தி அடிக்கடி வருகிறது. செய்தி மெய்யானதே. ஆனால் ஒரு முனையில் வைக்கோலைத் திணித்தால் மறு முனையில் எரிசாராயம் குழாயில் கொட்டும் என்பது போன்ற எண்ணம் மக்களிடையே பரவியுள்ளது. அரசாங்கத் திட்டங்களிலும் அந்த எண்ணத்தின் சாயல் தெரிகிறது. நெற்பயிரை அறிந்தவர்கள் அவ்வளவு எளிதில் நம்பமாட்டார்கள்.

மத்திய அரசின் புதுப்பிக்கத்தக்க எரிசக்தி அமைச்சகம் தரும் கணக்குப்படி, தீவனம், கூரை, அடுப்பு முதலிய உபயோகங்கள் போக நாட்டில் ஆண்டுதோறும் எஞ்சும் வேளாண் கழிவு சுமார் 23 கோடி டன். இதைக்கொண்டு சுமார் 28,000 மெகாவாட் திறனுள்ள மின் நிலையங்களை இயக்கமுடியும் என்றும் அந்த அமைச்சகம் கூறுகிறது. பெரிய கணக்குதான். எனினும் "எஞ்சும்" என்ற சொல்லைச் சற்று எச்சரிக்கையுடனேயே படிக்கவேண்டும். காகிதத்தில் எஞ்சுவது பல ஊர்களில் ஏதோ ஒரு ஏழையின் மாட்டுக்குப் போய்ச்சேரும் தீனியாக இருக்கிறது. பஞ்சாபில் நிலைமை வேறு. அங்கு மாடுகளுக்குக் கோதுமை வைக்கோலே பிரதானம். நெல் வைக்கோலை அவ்வளவாக விரும்புவதில்லை. மேலும் 2009ஆம் ஆண்டு நிலத்தடி நீரைக் காக்கக் கொண்டுவந்த சட்டத்தால் நெல் நடவு தள்ளிப்போயிற்று, அறுவடையும் தள்ளிப்போயிற்று. நெல் அறுத்துக் கோதுமை விதைக்க இரண்டு மூன்று வாரங்களே கிடைக்கின்றன. அதனால்தான் அங்கு தீ வைக்கின்றனர். தில்லி நகரம் புகையில் மூச்சுத் திணறுகிறது. பஞ்சாப் விவசாயிக்கு வைக்கோல் தலைவலி. தஞ்சை விவசாயிக்கு அது மாட்டுத்தீனி. இரண்டையும் ஒரே பட்டியலில் சேர்த்துத் திட்டம் தீட்டுவது தவறாகவே முடியும்.

ஆலை வாசலுக்கு வருவதும் வராததும்

வேளாண் கழிவுகளில் எதைக்கொண்டு எரிபொருள் செய்வது வெற்றி பெற்றுள்ளது என்று பார்த்தால் ஒரு விஷயம் தெளிவாகும். கரும்பு எடையில் சுமார் 30 சதவிகிதம் சக்கையாக மிஞ்சுகிறது. அந்தச் சக்கையை யாரும் ஊர் ஊராகச் சென்று திரட்டவேண்டியதில்லை. கரும்போடு தானே ஆலைக்கு வந்துவிடுகிறது. சர்க்கரை ஆலைகள் அதை எரித்து நீராவி எடுத்து, தம் தேவை போக மின்சாரத்தை விற்கவும் செய்கின்றன. நெல் உமியும் அப்படியே. நெல் எடையில் ஐந்தில் ஒரு பங்கு உமி; அரிசி ஆலையிலேயே குவிகிறது; புழுங்கல் போடும் கொதிகலனுக்கு அதுவே விறகு. மிஞ்சினால் செங்கல் சூளைக்காரர்கள் வாங்கிக்கொள்கின்றனர். ஒரு காலத்தில் சும்மா கொடுத்த உமிக்கு இன்று விலை உண்டு. சேலம், நாமக்கல் மாவட்டச் சேகோ ஆலைகளில் மரவள்ளித் திப்பியும், மாவு கழுவிய நீரும் ஆலைக்குள்ளேயே கிடைக்கின்றன. பல ஆலைகள் அந்த நீரிலிருந்து எரிவாயு எடுத்துப் பயன்படுத்துகின்றன.

வயலில் சிதறிக் கிடப்பவற்றின் கதை அதுவல்ல. கரும்புத் தோகை, பருத்தி மார், துவரை மார், மக்காச்சோளத் தட்டை, வைக்கோல் ஆகிய எல்லாவற்றுக்கும் முதல் செலவு பொறுக்கிச் சேர்ப்பது. இரண்டாவது செலவு ஏற்றிச் செல்வது. மூன்றாவது செலவு மழையிலும் தீயிலுமிருந்து காப்பது. தமிழ்நாட்டில் சீமைக் கருவேலையும் பண்ணைக் கழிவுகளையும் நம்பி எழுந்த சிறிய மின் நிலையங்களில் பல, எரிபொருள் விலை ஏறியதும் திணறி நின்றன. ஆலை வந்துவிட்டால் கழிவுக்கும் கிராக்கி வந்து விலை ஏறும் என்பதைத் திட்டம் போட்டவர்கள் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

ஹரியானா மாநிலம் பானிபட்டில் இந்தியன் ஆயில் நிறுவனத்தின் வைக்கோல் எரிசாராய ஆலை 2022ஆம் ஆண்டு ஆகஸ்ட் 10ந் தேதி நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. செலவு 900 கோடி ரூபாய்க்கு மேல். ஆண்டுக்கு 2 லட்சம் டன் வைக்கோலைக்கொண்டு 3 கோடி லிட்டர் எரிசாராயம் எடுப்பது திட்டம். 2 லட்சம் டன் வைக்கோல் என்றால் என்ன என்று ஒரு விவசாயியின் கண்கொண்டு பார்ப்போருக்கு மலைப்பு உண்டாகும். ஏக்கருக்கு 2 டன் எடுத்தாலும் ஒரு லட்சம் ஏக்கர் வயலின் வைக்கோல் தேவை. அறுவடைக் காலம் 45 நாட்கள் என்று கொண்டால் நாள்தோறும் சுமார் 4,400 டன் வந்து சேரவேண்டும். 10 டன் ஏற்றும் லாரியாகவே வைத்துக்கொண்டாலும் தினமும் 440 லாரிகள். வைக்கோல் கனமற்றது, 10 டன் ஏற்றுவதே சிரமம். இப்படிச் சேர்த்ததை மீதி பத்து மாதங்களுக்கும் நனையாமலும் பற்றிக்கொள்ளாமலும் போர் போட்டுக் காக்கவேண்டும். அத்தனை வைக்கோலையும் ஒரே இடத்தில் காப்பது எப்படி என்று எந்தப் பாடப் புத்தகத்திலும் எழுதியிருக்கவில்லை. திறக்கப்பட்ட முதல் ஆண்டுகளில் அந்த ஆலை முழுத் திறனில் ஓடவில்லை. இதில் வியப்பில்லை, வெட்கப்படவும் ஒன்றுமில்லை. இவ்வகை ஆலை எந்த நாட்டிலும் முதல் ஆண்டிலேயே முழுத் திறனில் ஓடியதாகச் சரித்திரம் இல்லை.

அமெரிக்காவின் அனுபவம்

அமெரிக்கா 2007ஆம் ஆண்டு ஒரு சட்டம் இயற்றியது. 2022க்குள் ஆண்டுக்கு 1,600 கோடி காலன் எரிபொருளை மக்காச்சோளத் தட்டை, புல், மரத்தூள் போன்ற நார்ப்பொருள்களிலிருந்தே எடுக்கவேண்டும் என்று இலக்கு வைத்தது. கான்ஸாஸ் மாநிலம் ஹுகோட்டனில் 2014ல் ஒரு பெரிய ஆலை திறக்கப்பட்டது. அடுத்த ஆண்டு முடிவதற்குள் மூடப்பட்டது. அயோவா மாநிலம் எம்மட்ஸ்பர்க்கில் அதே 2014ல் இன்னொன்று. அது 2019ல் உற்பத்தியை நிறுத்தியது. அயோவாவின் நெவாடா என்ற ஊரில் டுபான்ட் நிறுவனம் 20 கோடி டாலருக்கு மேல் செலவிட்டு 2015ல் திறந்த ஆலையை 2017லேயே கைவிட்டது. ஐரோப்பாவில் ருமேனியா நாட்டில் கோதுமை வைக்கோலை நம்பி 2022ல் தொடங்கிய ஆலையும் 2023 முடிவில் மூடப்பட்டது.

காரணங்கள் பல. 2014ல் பீப்பாய் 100 டாலருக்கு மேல் விற்ற கச்சா எண்ணெய் 2016 தொடக்கத்தில் 30 டாலருக்கும் கீழே சரிந்தது ஒன்று. அதைவிட முக்கியமானது ஆலைக்குள் நடந்தது. வயலில் உருட்டிக் கட்டிய தட்டையோடு மண்ணும் மணலும் கூடவே வந்தன. வெட்டும் கத்திகளும் தள்ளும் திருகுகளும் தேய்ந்துபோயின. ஈரம் ஒரு கட்டில் ஒரு மாதிரி, அடுத்த கட்டில் வேறு மாதிரி. குழாய்கள் அடைத்துக்கொண்டன. ஆய்வுக்கூடத்தில் ஒரு கிலோ சுத்தமான தட்டையை வைத்து நன்றாக நடந்த வேலை, நாளொன்றுக்கு ஆயிரம் டன் என்றபோது நடக்கவில்லை. மக்காச்சோளத் தட்டைக்கே இந்தக் கதி என்றால் நெல் வைக்கோலைச் சொல்லவேண்டியதில்லை. அதில் மணலின் மூலப்பொருளான சிலிக்கன் இயற்கையாகவே 4 முதல் 7 சதவிகிதம் வரை அடங்கியிருக்கிறது. வைக்கோல் கட்டும் கைகளுக்கு அதன் அரம் தெரியும். இரும்புக்கும் தெரியும்.

அமெரிக்கா ஆராய்ச்சி செய்யாமல் ஆலை கட்டியது என்று சொல்லமுடியாது. நிறையவே செய்தது. ஆனால் ஆய்வுக்கூடத்துக்கும் ஆலைக்கும் இடையிலே உள்ள நடு நிலைச் சோதனையை அவசரத்தில் தாண்டியது. அந்தத் தாண்டலுக்குத்தான் அது விலை கொடுத்தது.

கூடாரத்தை அரித்த பூசணம்

வைக்கோலில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று அதிகமாக செல்லுலோஸும், சுமார் நான்கில் ஒரு பங்கு ஹெமிசெல்லுலோஸும் உள்ளன. இரண்டும் சர்க்கரைச் சங்கிலிகளே. ஆனால் லிக்னின் என்ற கடினமான பொருள் அவற்றைச் சுற்றிப் பூசியது போல் பிணைந்து கிடக்கிறது. முதலில் நீராவியாலும் நீர்த்த அமிலத்தாலும் இந்தப் பிணைப்பைத் தளர்த்தவேண்டும். பிறகு நொதிகளைக்கொண்டு சங்கிலியை அறுத்துச் சர்க்கரையாக்கவேண்டும். அதன் பின்னரே கள் புளிப்பதைப் போல் புளிக்கவைத்து வடிக்கலாம். கரும்புப் பாகிலிருந்து சாராயம் வடிப்பதற்கு முதல் இரண்டு வேலைகளும் தேவையில்லை. வைக்கோல் எரிசாராயத்தின் செலவெல்லாம் அந்த இரண்டு வேலைகளில்தான் அடங்கியிருக்கிறது.

சங்கிலியை அறுக்கும் நொதி எங்கிருந்து கிடைத்தது என்ற கதையைத் தமிழ்நாட்டு விவசாயிகள் அறிந்துகொள்வது நல்லது. இரண்டாம் உலகப் போரில் பசிபிக் கடலின் சாலமன் தீவுகளில் முகாமிட்ட அமெரிக்கப் படையினரின் பருத்திக் கூடாரங்களும் துணிகளும் இற்றுப்போயின. காரணம் ஒரு பூசணம். துணி ஏன் இறுகிறது, அதைத் தடுப்பது எப்படி என்று கண்டறிய ராணுவம் ஆராய்ச்சி ஏற்பாடு செய்தது. எல்வின் ரீஸ், மேரி மாண்டல்ஸ் என்ற இரு விஞ்ஞானிகள் நாட்டிக் என்ற இடத்திலுள்ள ராணுவ ஆய்வுக்கூடத்தில் அந்தப் பூசணத்தை ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்தனர். பருத்தி என்பது ஏறக்குறைய சுத்தமான செல்லுலோஸ். அதைச் சர்க்கரையாக்கித் தின்பதற்கான நொதியை அந்தப் பூசணம் ஏராளமாகச் சுரக்கிறது என்பது தெரியவந்தது. முதலில் அதற்கு ட்ரைக்கோடெர்மா விரிடி என்று பெயரிட்டிருந்தனர். பின்னர் 1977ல் ரீஸின் பெயராலேயே ட்ரைக்கோடெர்மா ரீஸி என்று பெயரிடப்பட்டது. இன்று உலகில் வைக்கோலையும் தட்டையையும் சர்க்கரையாக்கும் நொதிகளில் பெரும்பகுதி இந்தப் பூசணத்தின் சந்ததியிலிருந்தே தயாராகிறது.

நிலக்கடலையில் வேரழுகலைத் தடுக்க விதைக் கிலோவுக்கு 4 கிராம் வீதம் கலக்கப்படும் ட்ரைக்கோடெர்மா விரிடி இதன் நெருங்கிய உறவு. அதை வாங்கிப் பயன்படுத்தும் விவசாயிக்கு இந்தப் பூசணக் குடும்பம் புதியதல்ல.

கூடாரம் இற்றதை ஆராய்ந்தவர்கள் மோட்டார் எரிபொருளைப் பற்றிக் கனவுகூடக் காணவில்லை. அந்த ஆராய்ச்சிக்கு மூன்று ஆண்டுகளில் "பயன் காட்டு" என்று கேட்டிருந்தால் அது மூன்றாம் ஆண்டே நின்றுபோயிருக்கும். மற்றோர் உதாரணமும் உண்டு. சாதாரண ஈஸ்ட் ஹெமிசெல்லுலோஸிலிருந்து வரும் சைலோஸ் சர்க்கரையைத் தொடாது. அந்தப் பகுதி வீணாகும். மெக்ஸிகோ நாட்டின் கற்றாழைக் கள்ளிலும் ஆப்பிரிக்கப் பனங்கள்ளிலும் வாழும் ஸைமோமோனாஸ் என்ற பாக்டீரியாவின் மரபணுக்களை வேறொரு பாக்டீரியாவில் செலுத்தி இந்தச் சர்க்கரையையும் சாராயமாக்கும் வழியை ப்ளோரிடா பல்கலைக் கழகத்தினர் கண்டனர். 1991ல் வழங்கப்பட்ட அமெரிக்காவின் 50 லட்சமாவது காப்புரிமை அதற்குத்தான். கள்ளில் என்ன வாழ்கிறது என்று பொறுமையாகப் பார்த்துப் பெயரிட்டு வைத்தவர்கள் இல்லாவிடில் அதுவும் நடந்திராது.

நாட்டின் பணம்

1958ஆம் ஆண்டு மார்ச் 4ந் தேதி இந்திய அரசாங்கம் விஞ்ஞானக் கொள்கைத் தீர்மானத்தை வெளியிட்டது. 2003ஆம் ஆண்டுக் கொள்கையில் ஆராய்ச்சிக்கான செலவை நாட்டின் மொத்த உற்பத்தியில் 2 சதவிகிதமாக உயர்த்தவேண்டும் என்று எழுதினர். 2013ஆம் ஆண்டுக் கொள்கையிலும் அதே 2 சதவிகிதம். 2020-21ல் உண்மையில் செலவானது 0.64 சதவிகிதம். ரூபாய்க் கணக்கில் 2010-11ல் சுமார் 60,000 கோடியாக இருந்தது 2020-21ல் 1,27,000 கோடியாக உயர்ந்தது உண்மையே. ஆனால் நாட்டின் வருமானமும் அதைவிட வேகமாக வளர்ந்ததால் விகிதம் உயரவில்லை. தென் கொரியா தன் உற்பத்தியில் ஏறக்குறைய 5 சதவிகிதத்தையும், அமெரிக்கா சுமார் 3.5 சதவிகிதத்தையும், சீனா 2.4 சதவிகிதத்துக்கு மேலும் ஆராய்ச்சிக்குச் செலவிடுகின்றன. அந்த மூன்று நாடுகளிலும் இதில் முக்கால் பங்கு போல் தொழில் நிறுவனங்களே செலவிடுகின்றன. இந்தியாவில் தொழில் நிறுவனங்களின் பங்கு சுமார் 36 சதவிகிதந்தான். இந்தியத் தொழிலதிபர்கள் ஆலைக்கு அடிக்கல் நாட்ட விரும்புகின்றனர். ஆய்வுக்கூடத்துக்கு நாட்ட விரும்புவதில்லை.

வைக்கோல் எரிசாராயத்துக்கென்றே மத்திய அரசாங்கம் 2019ல் ஜீவன் திட்டம் என்ற ஒன்றைக் கொண்டுவந்தது. மொத்த ஒதுக்கீடு 1,969 கோடியே 50 லட்சம் ரூபாய். அதில் வணிக அளவு ஆலைகளுக்கு 1,800 கோடி. சோதனைக் காட்சி ஆலைகளுக்கு 150 கோடி. அதாவது பெரிய ஆலைக்கு 12 ரூபாய் என்றால் சோதனைக்கு 1 ரூபாய். இந்த விகிதம் தலைகீழானது என்றே கூறவேண்டும். இவ்வளவு பெரிய ஆலையை இந்த நாட்டில் முன்பு யாரும் நடத்தியதில்லை. வைக்கோலின் குணம் வயலுக்கு வயல் மாறுகிறது. நாளொன்றுக்கு 10 டன் வைக்கோலைப் பதப்படுத்தும் சிறு ஆலைகள் நாட்டின் ஐந்தாறு பகுதிகளில் ஐந்தாறு ஆண்டுகள் ஓடி, எந்த ஈரத்தில் எந்தக் கத்தி எத்தனை நாள் உழைக்கும், எந்த ரக வைக்கோலில் எவ்வளவு சர்க்கரை வரும், நொதியின் செலவை எப்படிக் குறைக்கலாம் என்று கணக்கெடுத்த பின்னரே 900 கோடி ரூபாய் ஆலையைப் பற்றி யோசித்திருக்கலாம்.

அந்த வழியைக் காட்ட ஆள் இல்லாமல் இல்லை. மும்பையிலுள்ள ரசாயனத் தொழில்நுட்பக் கழகத்தில் உயிரித் தொழில்நுட்பத் துறையின் உதவியுடன் இயங்கும் மையத்தினர் உருவாக்கிய முறையில், உத்தராகண்டின் காசிப்பூரில் நாளொன்றுக்கு 10 டன் கழிவைப் பதப்படுத்தும் சோதனை ஆலை 2016 ஏப்ரலில் தொடங்கப்பட்டது. உள்நாட்டு மூளை, உள்நாட்டு முறை. அதைப் போன்றவை இன்னும் பல தேவைப்படும் வேளையில் பணம் பெரிய கொதிகலன்களைத் தேடிப் போயிற்று. நொதிகளில் பெரும்பகுதியை இன்னமும் வெளிநாட்டு நிறுவனங்களே உலகுக்கு விற்கின்றன. எண்ணெய்க்குப் பதில் நொதியை இறக்குமதி செய்வது எவ்வளவு பெரிய சேமிப்பு என்று யோசிக்கவேண்டும்.

2023ல் தேசிய ஆராய்ச்சி நிறுவனம் ஒன்றைச் சட்டம் இயற்றி அமைத்தது நல்ல செயல். ஐந்து ஆண்டுகளில் 50,000 கோடி ரூபாய் என்றனர். அதில் 36,000 கோடி அரசாங்கத்துக்கு வெளியிலிருந்து வரும் என்பது எதிர்பார்ப்பு. இதுவரை ஆராய்ச்சிக்குக் கையை நீட்டாத தொழில் நிறுவனங்கள் இனி நீட்டும் என்று நம்பியே அந்தக் கணக்கு நிற்கிறது. 2025 ஜூலையில் மத்திய மந்திரி சபை ஒரு லட்சம் கோடி ரூபாயில் மற்றொரு நிதியை அங்கீகரித்தது. அது ஆய்வுக்கூடத்தைத் தாண்டி ஓரளவு தேறிவிட்ட தொழில்நுட்பங்களுக்கு நீண்ட காலக் கடனாகப் போகிறது. நல்லதுதான். ஆனால் பூசணத்தைத் தேடி வயலிலும் காட்டிலும் அலையும் ஆராய்ச்சிக்கு அதில் இடமில்லை.

வேளாண்மை ஆராய்ச்சியில் போட்ட பணம் வீணாவதில்லை என்பதை மத்திய அரசின் 2023-24ஆம் ஆண்டுப் பொருளாதார ஆய்வறிக்கையே கூறுகிறது. கல்வியும் சேர்த்து வேளாண் ஆராய்ச்சியில் இடும் ஒவ்வொரு ரூபாய்க்கும் 13 ரூபாய் 85 காசு திரும்பி வருகிறது என்பது அதன் கணக்கு. இந்த லாபத்தை டெல்டா விவசாயிகள் கண்ணால் கண்டிருக்கின்றனர். ஜப்பானிய ரகங்களையும் இந்திய ரகங்களையும் ஒட்டுச் சேர்க்கும் திட்டம் 1950களின் தொடக்கத்தில் கட்டாக்கில் ஆரம்பமாயிற்று. அதன் பயனாக ஆடுதுறை 27 தஞ்சை வயல்களுக்கு வந்தது 1965ஐ ஒட்டித்தான். இடையே பதின்மூன்று, பதினான்கு ஆண்டுகள். எத்தனையோ ஒட்டுக்கள் மலடாகிப் பயனின்றிப் போயின. அன்று பொறுமையிழந்து திட்டத்தை நிறுத்தியிருந்தால் டெல்டாவில் குட்டை ரகங்களுக்கு முன்னோடியாக வந்த அந்த நெல் கிடைத்திராது.

இன்று வேளாண் பல்கலைக் கழகங்களில் ஆராய்ச்சித் திட்டம் ஒன்றுக்குப் பெரும்பாலும் மூன்று ஆண்டுகளே தரப்படுகின்றன. முதல் ஆண்டு கருவி வாங்கவும் ஆள் சேர்க்கவும் கழிகிறது. வைக்கோல் ஆண்டில் ஒரு முறையோ இரு முறையோ மட்டுமே வயலில் கிடைக்கும் பொருள். ஆராய்ச்சி மாணவர் வேலையைக் கற்றுத் தேறும்போது திட்டம் முடிந்துவிடும். அவரும் வேறு வேலைக்குப் போய்விடுகிறார். காலியான பதவிகள் நிரப்பப்படுவதும் மெல்லவே நடக்கிறது. இதற்குப் புதிய நிறுவனம் தேவையில்லை. இருக்கும் திட்டங்களின் ஆயுளைப் பத்தாண்டாக்கினாலே பாதி குறை தீரும்.

எரிசாராயம் ஒன்றே வழியல்ல

பெட்ரோலில் 20 சதவிகிதம் எரிசாராயம் கலக்கும் இலக்கை 2025லேயே நாடு எட்டிவிட்டது. ஆனால் அதில் வைக்கோலின் பங்கு மிக மிகச் சொற்பம். கரும்பு, மக்காச்சோளம், அரிசி ஆகியவையே அந்த எரிசாராயத்தைத் தந்தன. உணவுத் தானியத்தை வண்டிக்கு ஊற்றுவது எத்தனை நாள் தாங்கும் என்ற கேள்வி இருக்கிறது. கோழிப் பண்ணையாளர்கள் மக்காச்சோள விலையைப் பார்த்து இப்போதே அதைக் கேட்கின்றனர்.

வைக்கோலைச் சாண எரிவாயு முறையில் புளிக்கவைத்து வாயுவாக்குவது இன்னொரு வழி. பஞ்சாபில் சங்ரூர் மாவட்டம் லேராகாகாவில் 2022 அக்டோபரில் தொடங்கப்பட்ட ஆலை ஆண்டுக்கு ஒரு லட்சம் டன் வைக்கோலைக்கொண்டு நாளொன்றுக்கு 33 டன் வாயு எடுக்கும் திறனுள்ளது. நாமக்கல்லில் கோழி எருவையும் மரவள்ளிக் கழிவையும் சர்க்கரை ஆலைக் கழிவுச் சேற்றையும் சேர்த்து வாயு எடுக்கும் ஆலையும் உண்டு. இந்த முறையில் நொதி வாங்கவேண்டியதில்லை. நுண்ணுயிர்களே அந்த வேலையைச் செய்கின்றன. எரிசாராயத்தைவிட இது இந்திய நிலைமைக்கு ஏற்றது என்பதற்கு நியாயங்கள் பல. ஆனால் இதிலும் அவசரம் புகுந்தது. 2018 அக்டோபரில் 5,000 ஆலைகள் என்று இலக்கு வைத்தனர். குறித்த 2023-24ஆம் ஆண்டு வந்தபோது ஐந்து சதவிகிதத்தைக்கூட எட்டவில்லை. எண்ணிக்கையை முதலில் அறிவித்துவிட்டு ஆராய்ச்சியைப் பின்னால் இழுத்து வரும் பழக்கம் மாறவேண்டும்.

வாயு முறையில் விவசாயிக்கு மற்றொரு லாபமும் உண்டு. ஒரு டன் நெல் வைக்கோலில் தழைச்சத்து 5 முதல் 8 கிலோவும், சாம்பல் சத்து 14 முதல் 20 கிலோவும் உள்ளன. இந்தச் சாம்பல் சத்தைப் பொட்டாஷ் உரக் கணக்கில் பார்த்தால் 23 முதல் 33 கிலோ. அதாவது 50 கிலோ மூட்டையில் ஏறக்குறைய பாதி முதல் மூன்றில் இரண்டு பங்கு. பொட்டாஷ் உரத்துக்கு நாடு வெளிநாடுகளையே நம்பியிருக்கிறது. ஏக்கருக்கு 2 டன் வைக்கோலை வெளியே விற்கும் விவசாயி ஒரு மூட்டை பொட்டாஷையும் சேர்த்தே விற்கிறார். வியாபாரி அதற்குத் தனியாக விலை தருவதில்லை. கலத்திலிருந்து வெளிவரும் கழிவுச் சேறு வயலுக்குத் திரும்பினால் தழைச்சத்தும் சாம்பல் சத்தும் இரண்டுமே திரும்பும். எரிக்கும் ஆலையில் தழைச்சத்து புகையோடு போய்விடும். சாம்பல் சத்தில் பெரும்பகுதி சாம்பலில் தங்கும். அந்தச் சாம்பலைப் பள்ளத்தில் கொட்டுவது பெரிய நஷ்டம்.

ஆகவே டெல்டாவில் நாளை வைக்கோல் ஆலை எதுவும் வந்து விவசாயிகளுடன் ஒப்பந்தம் பேசுமானால், டன்னுக்கு இன்ன விலை என்பதோடு, சேறாகவோ சாம்பலாகவோ இன்ன அளவு திருப்பித் தரவேண்டும் என்ற நிபந்தனையையும் எழுதி வாங்கவேண்டும். மாட்டுக்கு வேண்டிய வைக்கோலை முதலில் ஒதுக்கிவிட்டே மீதியைப் பேசுவது நல்லது. சாம்பல் காரத் தன்மை உடையது. களர் நிலத்திலும், மண் பரிசோதனையில் கார நிலை உயர்ந்து காணும் வயலிலும் அதை இடக்கூடாது. மற்ற நிலங்களில் மண் பரிசோதனையில் சாம்பல் சத்துக் குறைவாக உள்ள வயல்களுக்கு முதலில் இட்டு, அந்த அளவுக்குப் பொட்டாஷ் உரத்தைக் குறைத்துக்கொள்ளலாம்.